நுண்கருவியின் எல்லைக் காவல்

 

வெள்ளி விழா மேடையில் கல்வியின் பெருமையைப் பொதுப்படப் பேசி அமர்தல் எளிது. அதனைச் செவ்வனே செய்யவல்ல சான்றோர் பலர் இங்கே வீற்றிருக்கின்றனர். ஆகவே நாம் ஒரு தனிப்பொருளைத் தேர்ந்து வந்துள்ளோம். நம் சங்கத்துப் பிள்ளைகள் பலர் பாலிடெக்னிக்குகளிலும் பொறியியற் கல்லூரிகளிலும் மின்னணுவியல் பயில்கின்றனர். 2016-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தின் வழியே அரசுப் பள்ளிகள் சிலவற்றுக்கும் ஆர்டுயினோ பலகைகள் வந்து சேர்ந்துள்ளன. நாம் பொறியாளர் அல்லோம், பி.ஏ.வும் பி.எட்.டும் பயின்று பள்ளியிலேயே நரை கண்டோம். எனினும் பிள்ளைகள் கேட்கும் வினாக்களுக்கு விடை தேடுதல் ஆசிரியர் கடமை. அவ்வாறு தேடியபோது நம் உள்ளத்தைத் தைத்த ஒன்றை, இத்தொழிலில் நுழையவிருக்கும் உங்கள்முன் வைக்க விழைகிறோம். நுண்கட்டுப்படுத்தி என்னும் மைக்ரோகன்ட்ரோலரில் நினைவகம் எல்லை மீறும்போது, அதைக் கண்டறிய வைத்த காவலும் தவறிப்போவது ஏன், அதற்கு நாம் செய்யத்தக்கது யாது என்பதே அப்பொருள்.

முதலில் அடுக்கு என்பது யாதெனக் காண்போம். ஆங்கிலத்தில் ஸ்டாக் என வழங்குவது இதுவே. திருத்துவதற்கான குறிப்பேடுகளை ஆசிரியர்களாகிய நாங்கள் மேசைமீது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறோம். கடைசியாக வைத்த ஏடே முதலில் கைக்கு வருகிறது. கருவிக்குள் ஓடும் நிரலும் இம்முறையையே கைக்கொள்கிறது. ஒரு துணைநிரல் மற்றொரு துணைநிரலை அழைக்கும்போது, வேலை முடிந்து திரும்பவேண்டிய இடத்தின் முகவரியும், இடைக்காலக் கணக்குகளும் அடுக்கில் வைக்கப்படுகின்றன. வேலை முடிந்தவுடன் அவை எடுக்கப்படுகின்றன. அழைப்பு ஆழமாகச் செல்லச் செல்ல அடுக்கு வளர்கிறது. திரும்பி வர வரக் குறைகிறது.

இவ்வடுக்குக்கு இடம் எவ்வளவு? ஆர்டுயினோ ஊனோ பலகையில் உள்ள ஏடிமெகா 328பி சில்லின் வேலை நினைவகம் மொத்தம் 2048 பைட் மட்டுமே. அதன் ஒரு முனையில் நிரலின் நிலையான மாறிகள் அமர்கின்றன. அவற்றை அடுத்து, வேண்டும்போது கேட்டுப் பெறும் இடமாகிய குவியல் மேல்நோக்கி வளர்கிறது. மறுமுனையிலிருந்து அடுக்கு கீழ்நோக்கி வளர்கிறது. ஒரே கரும்பலகையில் ஒரு மாணவன் மேலிருந்து கீழாகவும், மற்றொருவன் கீழிருந்து மேலாகவும் எழுதிவருவதாக எண்ணிக்கொள்ளுங்கள். நடுவே கோடு இல்லை. இருவரும் சந்திக்கும் இடத்தில் ஒருவன் எழுத்தை மற்றவன் எழுத்து அழித்துவிடும். வகுப்பறையிலாயின் கூச்சல் எழும். இச்சில்லில் ஒரு கூச்சலும் எழுவதில்லை. மேசைக் கணினியில் ஒரு நிரல் தன் எல்லையைக் கடந்தால், பெரும்பாலும் இயங்குதளம் உடனே அதைப் பிடித்து நிறுத்திவிடும். இத்தகைய சிறு சில்லில் அப்படிப் பிடிப்பார் எவருமிலர்.

ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நிலையான மாறிகள் 1400 பைட் கொண்டன எனக் கொள்வோம். எஞ்சுவது 648. ஒரு துணைநிரல் 256 பைட் கொண்ட ஓர் அணியை அடுக்கில் வைத்துக்கொண்டு, 300 பைட் அணி வைத்திருக்கும் இன்னொன்றை அழைக்கிறது. இரண்டும் சேர்ந்து 556. மீதி 92 பைட். திரும்பும் முகவரிகள் ஒவ்வொன்றுக்கும் 2 பைட், சேமித்துவைக்கும் பதிவகங்கள், அவ்வேளையில் வெளியிலிருந்து ஒரு குறுக்கீடு வந்தால் அதற்கும் அது அழைக்கும் துணைநிரல்களுக்கும் வேண்டிய இடம் ஆகிய அனைத்தும் இந்த 92-க்குள் அடங்கியாக வேண்டும். நிரலைத் தொகுக்கும்போது திரையில் தோன்றும் அறிக்கையோ, 648 பைட் மீதமிருக்கிறது என்று மட்டும் கூறும். அந்த 648-க்குள் அழைப்புகள் எவ்வளவு ஆழம் போகும் என்பதை அது கணக்கிடுவதில்லை. அறிக்கையைப் பார்த்து நிம்மதி கொள்பவன் பாதிக் கணக்கை மட்டுமே பார்த்தவனாகிறான்.

எல்லை மீறினால் விளைவு யாது? நீர்த்தேக்கத் தொட்டியின் மட்டம் அறிந்து மோட்டாரை நிறுத்தும் கருவி ஒன்றை நம் மாணவன் செய்வதாக வைத்துக்கொள்வோம். அடுக்கு வழிந்து, நீர்மட்டத்தைக் குறிக்கும் மாறியின்மேல் ஏறிவிடுகிறது. தொட்டி நிறைந்த பின்னும் மட்டம் குறைவு என்றே கருவி எண்ணுகிறது. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. பழுது பார்க்க வருபவர் உணர்வியைச் சோதிப்பார், கம்பியைச் சோதிப்பார், மோட்டாரையும் கழற்றுவார். மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுத்தவுடன் கருவி ஒழுங்காக வேலை செய்யும். காரணம் மட்டும் உள்ளேயே தங்கிவிடும். தொட்டி வழிந்தால் தண்ணீரும் மின்சாரமும்தான் நட்டம். இதே வகைச் சில்லு நோயாளிக்கு மருந்து செலுத்தும் கருவியிலோ, ஊர்தியின் வேகத்தை ஆளும் பெட்டியிலோ இருக்குமாயின் நட்டம் உயிராகும்.

இத்தகைய தீங்கைக் கண்டறியப் பல காவல்கள் உள. அவற்றுள் பெரிதும் வழங்கும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஃப்ரீ ஆர்டிஓஎஸ் என்பது ரிச்சர்டு பேரி என்பார் 2003-ஆம் ஆண்டு உருவாக்கிய சிறு இயங்குதளம். 2017 முதல் அமேசான் நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளது. இதில் ஒவ்வொரு பணிக்கும் தனி அடுக்கு உண்டு. பணிகளின் அடுக்கு வழிதலைக் கண்டறிய இரண்டு முறைகளை அது தருகிறது. இரண்டும் தாமாக இயங்குவதில்லை. நாம் அமைப்பில் குறித்து இயக்கினால்தான் இயங்கும்.

முதல் முறையில், ஒரு பணி நின்று மற்றொரு பணி தொடங்கும் தருணத்தில், நிற்கும் பணியின் அடுக்குச் சுட்டி எல்லைக்குள் உள்ளதா எனப் பார்க்கப்படுகிறது. இது எங்கே தவறும்? பள்ளிக்கு ஆய்வாளர் வரும் நாளில் வகுப்பறை அமைதியாக இருக்கும். மற்ற நாளில் நடந்ததை அவர் அறியார். அவ்வாறே, இரண்டு மாற்றங்களுக்கு இடையே அடுக்கு எல்லை மீறிச் சென்று, அண்டை நினைவகத்தைச் சிதைத்துவிட்டு, மீண்டும் உள்ளே வந்துவிட்டால், பார்க்கும் நேரத்தில் சுட்டி தன் இடத்தில் ஒழுங்காகவே நிற்கும்.

இரண்டாம் முறை இதைவிடக் கூர்மையானது. பணி பிறக்கும்போதே அதன் அடுக்கு முழுவதும் 165 என்னும் எண்ணால் நிரப்பப்படுகிறது. பணி மாறும்போதெல்லாம் எல்லையோரத்துக் கடைசி 16 பைட்டுகளில் அவ்வெண் அழியாமல் இருக்கிறதா எனப் பார்க்கப்படுகிறது. வந்துபோன வெள்ளத்தைக் குளத்துப் படியில் தங்கிய கறை காட்டிக்கொடுப்பது போன்றது இது. எல்லை மீறித் திரும்பி வந்த அடுக்கையும் இது பெரும்பாலும் பிடித்துவிடும். ஆயினும் முற்றும் பிடிக்கும் என்பதற்கில்லை. 200 பைட் கொண்ட ஓர் அணிக்கு இடம் ஒதுக்கிவிட்டு, அதில் சில பைட்டுகளை மட்டுமே எழுதும் துணைநிரல் ஒன்றை நினைத்துப் பாருங்கள். எழுதப்படாத பகுதிக்குள் அந்த 16 பைட் அப்படியே தங்கிவிடும். அடுத்து வரும் அழைப்புகளின் முகவரிகள் எல்லைக்கு அப்பால் விழும். வேலியை மிதியாமல் தாண்டிக் குதித்தவனை வேலி எங்ஙனம் காட்டும்? எல்லா வழிதலையும் இம்முறைகள் பிடித்துவிடும் என்னும் உறுதி இல்லை என்பதை அவ்வியங்குதளத்தின் ஆவணமே வெளிப்படையாகக் கூறுகிறது. இக்காவலால் பணி மாறும் நேரம் சற்று நீளுகின்ற காரணத்தால், உருவாக்கும் காலத்திலும் சோதனைக் காலத்திலும் மட்டும் இதைப் பயன்படுத்துமாறும் அது பரிந்துரைக்கிறது. எனவே கருவி மக்கள் கைக்குப் போய்ச் சேரும் நாளில் காவலன் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருப்பதும் உண்டு.

மூன்றாவது தவறு, காவல் பார்க்கும் இடத்துக்கு வெளியே நேர்வது. கார்டெக்ஸ்-எம் வகைச் சில்லுகளில் குறுக்கீட்டு நிரல்கள் பணிகளின் அடுக்கில் ஓடுவதில்லை. அவற்றுக்கென முதன்மை அடுக்கு ஒன்று தனியே உண்டு. பணிகளின் அடுக்கைப் பார்க்கும் மேற்கூறிய காவல் அம்முதன்மை அடுக்கைப் பார்ப்பதில்லை. மேலும் பணி ஓடிக்கொண்டிருக்கும்போது குறுக்கீடு வந்தால், வன்பொருள் தானாகவே 8 பதிவகங்களை, அதாவது 32 பைட்டை, அப்பணியின் அடுக்கில் வைத்துவிடுகிறது. கார்டெக்ஸ்-எம்4 சில்லில் தசமப் புள்ளிக் கணக்குக்கான தனிப் பிரிவு பயன்பாட்டில் இருந்தால் அது 104 பைட்டாக உயரும். இதனைக் கணக்கில் சேர்க்காதவர் பலர்.

நான்காவது, அளவை பற்றிய மயக்கம். ஃப்ரீ ஆர்டிஓஎஸ்-இல் பணியின் அடுக்கு அளவைச் சொல் என்னும் அலகில் குறித்தல் வேண்டும். 32 பிட் சில்லில் ஒரு சொல் 4 பைட் ஆகையால் 128 என்று குறித்தால் 512 பைட் கிடைக்கும். அதே இயங்குதளத்தின் ஈஎஸ்பி 32 சில்லுக்கான வடிவிலோ அளவு பைட்டிலேயே குறிக்கப்படுகிறது. முன்னதற்கு எழுதிய நிரலை எண்ணை மாற்றாமல் பின்னதற்குக் கொண்டுசென்றால், கேட்டதில் கால் பங்கே கிடைக்கும். படி என்றும் மரக்கால் என்றும் கேளாமல் எண்ணை மட்டும் கேட்டு நெல் அளந்தவன் கதைதான் இது.

ஐந்தாவது, பெயரால் நேரும் மயக்கம். தொகுப்பான்கள் தரும் அடுக்குப் பாதுகாப்பு என்னும் வசதி ஒன்றுண்டு. ஓர் அணி தன் அளவை மீறி எழுதப்பட்டு, திரும்பும் முகவரியைச் சிதைக்கிறதா என்பதையே அது, அத்துணைநிரல் முடியும் தறுவாயில் சோதிக்கிறது. அடுக்கு முழுதும் தீர்ந்துபோவதைக் கண்டறிவது அதன் வேலையன்று. இதனை அதற்கு மாற்றாகக் கொள்வது, கதவுக்குப் பூட்டு வாங்கிவிட்டுச் சுவர் எழுப்பாமல் இருப்பதை ஒக்கும்.

ஆறாவது, கண்டவனே பேச இயலாமற் போவது. வழிதலைக் கண்டவுடன் அழைக்கப்படும் எச்சரிக்கைத் துணைநிரலும் அதே சிதைந்த நினைவகத்தை நம்பியே இயங்குகிறது. தவறிய பணியின் பெயரைக்கூட அது பிழையாகப் பெறக்கூடும். அதனுள் நீண்ட செய்தியை அச்சிட முயன்றால் அதற்கும் அடுக்கில் இடம் வேண்டும். கார்டெக்ஸ்-எம் சில்லில் முதன்மை அடுக்கே கெட்டுவிட்டால், பிழையைக் கையாள நுழையும் முயற்சியிலேயே மற்றொரு பிழை நேர்ந்து, சில்லு செயலற்று உறைந்துவிடுவதும் உண்டு.

இவை வெறும் ஏட்டுச் செய்திகளா என நீங்கள் கேட்கலாம். நீதிமன்றம்வரை சென்ற ஒரு நிகழ்வைக் கூறுகிறோம். 2007-ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், 2005-ஆம் ஆண்டு மாதிரி டொயோட்டா கேம்ரி கார் ஒன்று கட்டுக்கடங்காமல் ஓடி மோதியது. ஒருவர் உயிரிழந்தார், ஓட்டிவந்த பெண்மணி காயமுற்றார். 2013-இல் நடந்த விசாரணையில் மைக்கேல் பார் என்னும் நிபுணர் அக்காரின் எஞ்சின் கட்டுப்பாட்டு நிரலை ஆராய்ந்து சாட்சியமளித்தார். அடுக்கில் 41 சதவீதமே பயன்படுவதாக நிறுவனத் தரப்புக் கணக்கு இருந்ததென்றும், தம் ஆய்வில் அது 94 சதவீதம் வருகிறதென்றும், தன்னைத்தானே அழைக்கும் துணைநிரல்களின் தேவை அதில்கூடச் சேரவில்லை என்றும் அவர் கூறினார். நடுவர் குழு அவ்வாண்டு அக்டோபரில் நிறுவனத்தைப் பொறுப்பாக்கி மொத்தம் 30 இலட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. தண்டத்தொகை பற்றிய கட்டம் வருமுன் இரு தரப்பும் உடன்பாடு செய்துகொண்டன.

மறுபக்கத்தையும் கூறுதல் நேர்மை. அந்நிறுவனத்துக் கார்கள் தாமே வேகமெடுத்ததாக வந்த முறையீடுகளை நாசா பொறியாளர்கள் முன்னரே ஆராய்ந்தனர். 2011 பிப்ரவரியில் வெளியான அவர்கள் அறிக்கை, மின்னணுக் கோளாறே காரணம் என்பதற்குச் சான்று காணவில்லை. நிறுவனமும் தன் மீதான குற்றச்சாட்டை மறுத்தே வாதிட்டது. எனவே அடுக்கு வழிந்ததால்தான் அவ்வுயிர் போயிற்று என்று நாம் தீர்ப்புக் கூறவில்லை. 41-க்கும் 94-க்கும் இடையே உள்ள தொலைவையே உங்களுக்குக் காட்ட விரும்புகிறோம். ஒரே நிரலின் ஒரே அடுக்குக்கு இரண்டு கணக்குகள் வந்துள்ளன. வகுப்பில் கணக்கின் விடையை மட்டும் எழுதுபவனுக்கு நாங்கள் முழு மதிப்பெண் தருவதில்லை. வழிமுறையையும் காட்டச் சொல்கிறோம். தொழிற்சாலையில் மூத்தவர் ஒருவர் 41 என்று கூறினால், எதனைச் சேர்த்து, எதனைவிட்டு இக்கணக்கு வந்தது என்று பணிவுடன் கேட்கும் துணிவு உங்களுக்கு வேண்டும். தம் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்து வேலைக்குச் செல்லும் பிள்ளைக்கு அவ்விடத்தில் வாய் எழும்பாமல் போவதை நாம் அறிவோம். ஆயினும் கேளாத கேள்விக்கு விலை கொடுப்பவர், அக்கருவியை நம்பி வாழும் முன்பின் அறியாத ஒருவர் ஆவார்.

இனிச் செய்யத்தக்கவற்றை வரிசைப்படக் கூறுவோம்.

முதலாவது, ஓடவிடுமுன் கணக்கிடுங்கள். ஜிசிசி போன்ற தொகுப்பான்களிடம் கேட்டால் ஒவ்வொரு துணைநிரலும் அடுக்கில் கொள்ளும் இடத்தைத் தனித்தனியே எழுதித் தரும். எது எதை அழைக்கிறது என்று வரைந்து, மிக ஆழமான வழியைக் கூட்டுங்கள். அதன்மேல் குறுக்கீடுகளின் தேவையைச் சேருங்கள். தன்னைத்தானே அழைக்கும் துணைநிரல் இருந்தால் இக்கணக்கு நில்லாது. ஊர்தித் தொழிலில் பெரிதும் வழங்கும் மிஸ்ரா விதிகள் அதனை விலக்குவது இதனாலேயே. பெரிய அணிகளை அடுக்கில் வைக்காமல் நிலையான இடத்தில் வையுங்கள். அப்பொழுது அவை தொகுப்பானின் அறிக்கையில் தாமே தெரியவரும்.

இரண்டாவது, ஓடும்போது அளந்து பாருங்கள். அடுக்கில் இதுவரை தொடப்படாமல் எஞ்சிய மிகக் குறைந்த அளவைத் தெரிவிக்கும் வசதி ஃப்ரீ ஆர்டிஓஎஸ்-இல் உண்டு. ஆனால் நீங்கள் நடத்திப் பார்த்த வழிகளின் கறையை மட்டுமே அது காட்டும். நிரலின் மிக ஆழமான வழி பெரும்பாலும் பிழை நேரும்போது செல்லும் வழியே ஆகும். ஆகவே உணர்வியின் கம்பியைப் பிடுங்கியும், தவறான செய்தியை அனுப்பியும், குறுக்கீடுகளை ஒருசேர எழுப்பியும் சோதித்த பின்னரே அவ்வெண்ணை நம்புங்கள்.

மூன்றாவது, சில்லிலேயே காவல் இருந்தால் அதனைப் பயன்படுத்துங்கள். கார்டெக்ஸ்-எம்33 போன்ற புதிய சில்லுகளில் அடுக்கின் எல்லையைக் குறித்துவைக்கத் தனிப் பதிவகம் உண்டு. சுட்டி அதனைக் கடக்க முயன்ற அக்கணமே வன்பொருள் பிழை எழுப்பும். அது இல்லாத கார்டெக்ஸ்-எம் சில்லில், முதன்மை அடுக்கை நினைவகத்தின் தொடக்கத்திலும் மாறிகளை அதற்கு மேலும் அமைக்கலாம். அடுக்கு வழிந்தால் அது மாறிகளின்மேல் ஏறாமல், நினைவகமே இல்லாத வெற்றிடத்தில் முட்டும். பிழை உடனே வெளிப்படும். பிறர் பொருளை மௌனமாகக் கெடுப்பதைவிடச் சுவரில் முட்டி நிற்பது மேல் அன்றோ?

நான்காவது, நின்ற பின் நிகழவேண்டியதை முன்கூட்டியே எழுதுங்கள். எச்சரிக்கைத் துணைநிரல் மிகச் சிறியதாக இருக்கட்டும். மோட்டாரை நிறுத்துதல், மீண்டும் தொடங்கும்போது அழிக்கப்படாத ஓரிடத்தில் சில பைட்டுகளில் காரணத்தைக் குறித்துவைத்தல், பின்பு கருவியை மறுதொடக்கம் செய்தல் ஆகியவையே அதன் வேலை. வாட்ச்டாக் என்னும் காவல் கடிகாரத்தை ஒரு குறுக்கீட்டின் கையில் மட்டும் ஒப்படைத்துவிடாதீர்கள்; பணிகள் மாண்ட பின்னும் அக்குறுக்கீடு அதனை ஓட்டிக்கொண்டே இருக்கக்கூடும். பள்ளி வருகைப் பதிவேட்டைப்போல, ஒவ்வொரு பணியும் தான் உயிரோடிருப்பதாகக் குறியிட்ட பின்னரே கடிகாரம் புதுப்பிக்கப்படல் வேண்டும்.

ஐந்தாவதாக நாம் கூறுவது, பலரும் செய்யாமல் விடுவது. காவலையே சோதித்துப் பாருங்கள். ஆய்வகத்தில் வேண்டுமென்றே அடுக்கை வழியச் செய்யுங்கள். ஒருமுறை மெல்ல மெல்ல வழியட்டும். ஒருமுறை பெரிய அணியால் தாண்டிக் குதிக்கட்டும். ஒருமுறை குறுக்கீட்டுக்குள் வழியட்டும். எச்சரிக்கை ஒலித்ததா, மோட்டார் நின்றதா, காரணம் பதிவாயிற்றா என ஒவ்வொன்றையும் எழுதிவையுங்கள். ஒருநாளும் ஒலித்துப் பாராத மணி, தீப்பற்றும் நாளில் ஒலிக்கும் என்பதற்கு உறுதி யாது? ஒலிக்காமற் போன இடங்கள் இரண்டொன்று தெரியவந்தால் அச்சோதனை வெற்றி பெற்றது என்றே கொள்ளுங்கள்.

இளைஞர்களே! காவல் மௌனமாக இருப்பது ஆபத்து இல்லை என்பதற்குச் சான்றாகாது. அது பார்த்துவிட்டு மௌனமாக இருக்கிறதா, பாராமலே மௌனமாக இருக்கிறதா என்று அறிந்த பின்னரே கருவியை மக்கள் கையில் கொடுத்தல் வேண்டும். மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுத்ததும் சரியாகிவிட்டது என்ற பேச்சைக் கேட்டால், வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். வேலை அங்கேதான் தொடங்குகிறது. இங்குள்ள பிள்ளைகளில் ஒருவர், நாளை தாம் செய்த கருவியின் கணக்கை வழிமுறையோடு எழுதி, காவலைச் சோதித்த குறிப்பையும் அதனோடு இணைத்து, கீழே தம் பெயரை ஒப்பமிடுவாராயின், இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகள் விளக்கேற்றிக் கற்பித்ததற்கு அவ்வொப்பமே போதிய பயனாகும்.